சஞ்சிகைகளும் ஒப்பந்தங்களும்: ஒரு நூலகரின் அனுபவங்கள்

சர்வகலாசாலை நூல் நிலையங்களில் வாசகர் கண்ணில் படாமல் நடைபெறும் காரியங்கள் பல. அவற்றுள் ஆராய்ச்சிச் சஞ்சிகைகளைத் தருவிக்கும் காரியம் மிகுந்த பொருட்செலவும் நீண்ட பேரமும் உடையது; அறிவு எவரைச் சென்றடையும், எவர் வாசலுக்கு வராமலே நின்றுவிடும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே. இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஒரு சர்வகலாசாலையில் அந்தப் பிரிவிலேயே என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறேன். சந்தா கட்டிச் சஞ்சிகை வாங்கிய காலம் போய், தம் ஆசிரியர்களின் கட்டுரைகளை உலகத்தார் அனைவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவதற்குப் பிரசுராலயங்களோடு நூல் நிலையங்கள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் காலம் வந்ததை அருகிருந்து பார்த்தவன் நான். அந்த மாறுதலினால் விளைந்த நன்மை எது, அது தீர்க்காமல் விட்ட அநீதி எது என்பவற்றைத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துரைப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

இத்துறையின் அமைப்பை முதலில் விளக்க வேண்டும். லண்டன் ராயல் சொஸைட்டியின் காரியதரிசியாயிருந்த ஹென்றி ஓல்டன்பர்க் 1665-ஆம் ஆண்டில் 'பிலாஸபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்' என்ற சஞ்சிகையைத் தொடங்கிய நாள்முதல், ஆராய்ச்சியாளர்கள் தம் கட்டுரைகளுக்குச் சன்மானம் எதிர்பார்ப்பதில்லை. தம் கண்டுபிடிப்பைச் சக அறிஞர்கள் அறிய வேண்டும், அதன் பெருமை தமக்கு உரியதென்று பதிவாக வேண்டும் என்பதே அவர்கள் நாடும் பலன். கட்டுரையின் தகுதியைப் பரிசீலித்து அபிப்பிராயம் சொல்லும் அறிஞர்களும் பொதுவாக ஊதியம் பெறுவதில்லை. இவ்வாறு பெரும்பாலும் ஜனங்களின் வரிப்பணத்தால் நடக்கும் ஆராய்ச்சியைச் சர்வகலாசாலைச் சம்பளம் பெறுகிறவர்கள் எழுதி, சர்வகலாசாலைச் சம்பளம் பெறுகிறவர்களே பரிசோதித்துக் கொடுக்க, பதிப்புரிமையை எழுதி வாங்கிக்கொண்ட பிரசுராலயம் அதனை அச்சிட்டு அதே சர்வகலாசாலைக்கு விற்று வந்தது. ஆரம்பத்தில் கல்விச் சங்கங்களின் கையில் இருந்த இந்த வேலை, இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் ஆராய்ச்சி பல்கிப் பெருகியபோது பெரிய வியாபார ஸ்தாபனங்களின் வசமாயிற்று. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவை ஐந்தே பிரசுராலயங்களுக்கு உரியவை என்று கனடா நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு சஞ்சிகைக்குப் பதிலாக மற்றொன்றை வாங்கிக்கொள்ள முடியாது என்பது இந்த வியாபாரத்தின் விசேஷம். ரசாயனப் பேராசிரியருக்கு வேண்டிய கட்டுரை எந்தச் சஞ்சிகையில் இருக்கிறதோ அந்தச் சஞ்சிகைதான் வேண்டும்; ஆதலால் விலை எவ்வளவு ஏறினாலும் வாங்குவோர் விலகிப்போவதற்கு வழியில்லாதிருந்தது.

சென்னையில் நூலகக் கலை பயின்றுவிட்டு நான் இந்த நாட்டுக்கு வந்தபோது சஞ்சிகைகள் காகிதத்திலேயே வந்துகொண்டிருந்தன. வந்த இதழைக் 'கார்டெக்ஸ்' பெட்டியிலுள்ள அட்டையில் குறித்துக்கொள்வதும், வராத இதழுக்காக ஏஜெண்டுக்கு நினைவுக் கடிதம் எழுதுவதும், ஆண்டு முடிந்ததும் இதழ்களைத் தொகுத்துப் பைண்டு செய்து அலமாரியில் அடுக்குவதும் எங்கள் நித்திய கடமைகள். 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக நியமனம் பெற்ற எஸ். ஆர். ரங்கநாதன், லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் நூலகப் பயிற்சி பெறுவதற்காக இதே நாட்டுக்கு வந்தவர் என்பது எனக்கு எப்போதும் ஊக்கமளித்த விஷயம். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரம், நூலைப் பூட்டிக் காப்பதினும் அதை வேண்டியவர் கையில் சேர்ப்பதே நூலகரின் தர்மம் என்பது. காகிதச் சஞ்சிகையைப் பொறுத்தவரை அந்த தர்மத்தை அநுசரிப்பது எளிதாயிருந்தது. வாங்கிய தொகுதி எங்களுக்குச் சொந்தம். எவர் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம். மறு ஆண்டு சந்தாவை நிறுத்தினாலும் முந்தைய தொகுதிகள் அலமாரியை விட்டு அகலமாட்டா.

சஞ்சிகைகள் கம்ப்யூட்டர் வழியாக வரத் தொடங்கியபின் இந்த நிலைமை மாறிற்று. 1996-இல் அகாடமிக் பிரஸ் என்ற பிரசுராலயம் இங்கிலாந்தின் உயர்கல்வி மானியக் குழுவோடு செய்துகொண்ட ஏற்பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, ஒரு பிரசுராலயத்தின் சஞ்சிகைகள் எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே தொகைக்குக் கொடுக்கும் முறை பரவிற்று. 'பிக் டீல்' என்று எங்கள் வட்டாரத்தில் அதற்குப் பெயர். வாசகர்களுக்கு முன்னெப்போதும் கிடைத்திராத சஞ்சிகைகள் கிடைத்தன என்பது மெய். ஆயினும் அந்தந்த நூல் நிலையம் காகித காலத்தில் எந்தச் சஞ்சிகைகளுக்கு என்ன தொகை செலுத்திவந்ததோ அதுவே விலைக்கு அடிப்படையாகி, ஆண்டுதோறும் அதன்மேல் ஒரு குறிப்பிட்ட சதவிகிதம் கூடிக்கொண்டே போயிற்று. வேண்டாத சஞ்சிகைகளை விலக்கிவிட்டு வேண்டியவற்றை மட்டும் வாங்கலாமென்றால், அவற்றின் தனித்தனி விலைகளைக் கூட்டும்போது மொத்த விலையையே நெருங்கிவிடும். சொந்த நிலத்தில் பயிரிட்டவன் குத்தகைதாரனாகி, ஆண்டுக்கு ஆண்டு குத்தகைத் தொகை உயர்வதை மறுக்க முடியாமல் நிற்பதைப் போன்றதாயிற்று எங்கள் நிலை. இதற்கும் மேலாக என் மனத்தை உறுத்தியது வேறொன்று. பட்டம் பெற்று வெளியேறிய மாணவரின் கடவுச்சொல் சில நாட்களில் செயலற்றுவிடும்; தம் நோயாளிக்காக ஒரு கட்டுரையைத் தேடும் சிற்றூர் மருத்துவரும், பாடத்துக்காகத் தேடும் பள்ளி ஆசிரியரும் வீட்டிலிருந்தபடி அதைத் திறக்க முடியாது. கட்டுரை ஒன்றை ஒருவருக்குக் கொடுப்பதால் மற்றொருவருக்குக் குறைந்துவிடாத ஒரு காலத்தில், கொடுக்க முடியாது என்று சொல்வதே எங்கள் தொழிலில் ஒரு பகுதியாகிவிட்டது.

இதற்கு மாற்றாகப் பிறந்ததே 'ஓப்பன் ஆக்ஸஸ்' என்று உலகமெங்கும் வழங்கும் முறை. 2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம் வெளியாயிற்று; அறிஞர்கள் ஊதியம் கருதாமல் எழுதுவதை எவரும் தடையும் கட்டணமும் இன்றிப் படிக்கவும் பயன்படுத்தவும் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அதற்கு அது இரண்டு வழிகளைக் காட்டிற்று: ஆசிரியர் தம் கட்டுரையின் பிரதியை ஒரு பொதுச் சேமிப்பகத்தில் வைப்பது ஒன்று, சஞ்சிகையே திறந்த நிலையில் வெளிவருவது மற்றொன்று. பிரிட்டனில் டேம் ஜேனட் ஃபின்ச் தலைமையில் அமைந்த குழு 2012 ஜூன் மாதத்தில் அளித்த அறிக்கை இரண்டாம் வழிக்கே முதன்மை கொடுத்தது. 2013 ஏப்ரல் முதல் ஆராய்ச்சிக் கவுன்ஸில்கள் இதற்கென்றே சர்வகலாசாலைகளுக்கு மானியம் வழங்கலாயின. வாசகர் பணம் கொடுப்பதற்குப் பதிலாக, கட்டுரை வெளியாகும்போதே அதற்கென ஒரு தொகை கட்டுவது இம்முறை; 'ஏ.பி.சி.' என்று அத்தொகையைச் சொல்வார்கள். முற்றிலும் திறந்த சஞ்சிகைகளில் இது முறையான ஏற்பாடே. ஆனால் சந்தாச் சஞ்சிகைகளும் கட்டணம் கட்டியவரின் கட்டுரையை மட்டும் திறந்துவிட்டு, மற்றவற்றைப் பூட்டியே வைத்திருந்தன. 'ஹைபிரிட்' எனப்பட்ட இந்த முறையில் நூல் நிலையம் சந்தாவையும் கட்டி, தன் ஆசிரியர்களின் கட்டுரைகளுக்கான கட்டணத்தையும் கட்ட நேர்ந்தது. ஒரே பிரசுராலயத்துக்கு இரண்டு தொகைகளும் என் மேஜை வழியாகவே போயின.

இந்த இரட்டைச் செலவை ஒன்றாக்கும் பிரயத்தனமே இன்றுள்ள ஒப்பந்தங்கள். 2015-இல் நெதர்லாந்தின் சர்வகலாசாலைகள் ஸ்பிரிங்கர் பிரசுராலயத்துடன் இதற்கு வழிகோலின. பிரிட்டனில் சர்வகலாசாலைகளின் சார்பில் பேரம் பேசும் ஜிஸ்க் என்னும் அமைப்பும் அடுத்து அதே வழியில் சென்றது. 'ரீட் அண்ட் பப்ளிஷ்' எனப்படும் இந்த ஒப்பந்தத்தில் சர்வகலாசாலை ஒரே தொகையைக் கட்டும். அதற்கு ஈடாக அதன் வாசகர்கள் எல்லாச் சஞ்சிகைகளையும் படிக்கலாம். அதன் ஆசிரியர்கள் தனிக்கட்டணம் இன்றித் தம் கட்டுரைகளைத் திறந்த நிலையில் வெளியிடலாம். 2019-இல் ஜெர்மனியின் 'டீல்' கூட்டமைப்பு வைலி பிரசுராலயத்துடன் கையெழுத்திட்டபோது கட்டுரை ஒன்றுக்கு 2,750 யூரோ என்று கணக்கிட்டுத் தொகை செலுத்த இசைந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் கலிபோர்னியா சர்வகலாசாலை, தன் பத்து வளாகங்களுக்கும் எல்ஸெவியர் பிரசுராலயத்துடன் இருந்த உடன்படிக்கையைப் புதுப்பிக்க மறுத்து வெளியேறிற்று. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2021 மார்ச்சில், தான் கோரிய விதமாகத் திறந்த பிரசுரத்தை உள்ளடக்கிய ஒப்பந்தத்தைப் பெற்றே மீண்டும் சேர்ந்தது. அதைக் கண்டபின், விலகிநின்று பேரம் பேசுவது சாத்தியமே என்ற தைரியம் உலகெங்குமுள்ள நூலகர்களுக்கு உண்டாயிற்று. பிரிட்டிஷ் சர்வகலாசாலைகளும் எல்ஸெவியரின் முதல் யோசனைகளை நிராகரித்து, 2022 மார்ச்சில் திருத்தமான ஒப்பந்தத்தை ஏற்றன.

பேரத்துக்கு முன் நடக்கும் ஆயத்தமே எங்களைப் போன்றோரின் பணி. எந்தச் சஞ்சிகையில் எத்தனை கட்டுரைகள் எத்தனை முறை திறக்கப்பட்டன, எங்கள் ஆசிரியர்கள் தொடர்பு ஆசிரியராக, அதாவது சஞ்சிகையோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் பொறுப்பாளராக, இருந்து எங்கெங்கே எழுதினார்கள், கட்டணமாக நாங்கள் இதுவரை செலுத்தியது எவ்வளவு, ஒப்பந்தம் முறிந்தால் தனிக் கட்டுரைகளை வேறு நூல் நிலையங்களிலிருந்து வரவழைக்க எவ்வளவு ஆகும், முன் கட்டிய சந்தாவினால் நிலையான உரிமை பெற்ற பழைய தொகுதிகள் எவை என்று கணக்கெடுப்போம். அதன்பின் துறைதோறும் சென்று பேராசிரியர்களோடு சம்பாஷிக்க வேண்டும். பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ஆர்க்ஸைவ் சேமிப்பகத்திலேயே ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்துப் பழகிய பௌதிகப் பேராசிரியர்கள் அமைதியாயிருப்பார்கள். மருத்துவத் துறையாரோ, ஒரு நாள் தடைப்பட்டாலும் நோயாளிக்குக் கெடுதி என்று கவலைப்படுவார்கள்; அது நியாயமான கவலை. விலகிநிற்கத் தயாரென்று ஆசிரியர்கள் உறுதி கூறாத வரையில் நூலகரின் கணக்குகள் பேர மேஜையில் பலிக்கமாட்டா என்பது நான் கற்ற பாடம். ஒரு முறை ஒரு பிரசுராலயம் எங்கள் மூத்த பேராசிரியர்களுக்கு நேராகவே கடிதம் எழுதி, நூல் நிலையம் அவர்கள் ஆராய்ச்சிக்கு இடையூறு செய்வதாகத் தெரிவித்தது. முன்னதாகவே எல்லாக் கணக்குகளையும் அவர்கள்முன் ஒளிவின்றி வைத்திருந்தமையால் எவரும் கலங்கவில்லை.

கையெழுத்தான பின் தொடங்கும் தினசரி வேலை பொறுமையைக் கோருவது. ஏற்கப்பட்ட கட்டுரை ஒவ்வொன்றும் பிரசுராலயத்தின் டாஷ்போர்டில் எங்கள் அனுமதிக்காக வந்து நிற்கும். தொடர்பு ஆசிரியர் மெய்யாகவே எங்கள் சர்வகலாசாலையைச் சேர்ந்தவரா, சஞ்சிகை ஒப்பந்தப் பட்டியலில் உள்ளதா, கட்டுரை ஏற்கப்பட்ட தேதி ஒப்பந்த காலத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்தே அனுமதிக்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு இத்தனை கட்டுரைகள் என்று வரம்பு உண்டு. அது இலையுதிர் காலத்திலேயே தீர்ந்துவிட்டால், நவம்பரில் கட்டுரை ஏற்கப்பட்ட ஆசிரியருக்கு ஜனவரி வரை காத்திருக்கும்படி எழுத நேரும். எங்கள் பணிகளுள் எல்லாவற்றிலும் முக்கியமானது லைசென்ஸ் பற்றிய ஆலோசனை. பெயரைச் சுட்டினால் போதும், எவரும் மொழிபெயர்க்கவும் மறுபடி வெளியிடவும் கற்பிக்கவும் செய்யலாம் என்று சொல்லும் 'சி.சி. பை' உரிமையைத் தேர்ந்தால்தான் கட்டுரை மெய்யாகத் திறந்ததாகும். வியாபாரத்துக்குத் தடை என்ற சொற்றொடரைப் பாதுகாப்பென நம்பித் தேரும் ஆசிரியர் பலர், வியாபார உரிமையைப் பிரசுராலயத்துக்கே தனியாக எழுதிக் கொடுப்பதை உணர்வதில்லை.

ஒப்பந்தங்களின் நன்மையையும் குறையையும் ஒருங்கே எனக்குக் காட்டிய ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பேராசிரியர் ஒருவரும், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்த ஓர் இளம்பெண்ணும், தர்மபுரிப் பகுதிக் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடைப் பற்றிக் கூட்டாக ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். ஊர் ஊராகச் சென்று நீர் சேகரித்தவரும் எழுதியவரும் அந்த அம்மையாரே. ஆகவே தொடர்பு ஆசிரியரும் அவரே. மானியம் கொடுத்த பிரிட்டிஷ் ஸ்தாபனம் கட்டுரை திறந்த நிலையில் வரவேண்டும் என்று விதித்திருந்ததால் அவர் அதற்குரிய கட்டத்தைத் தேர்ந்தெடுக்க, கட்டணச் சீட்டு அவர் பெயருக்கே வந்துவிட்டது. எங்கள் ஒப்பந்தம் எங்கள் தொடர்பு ஆசிரியர்களுக்கு மட்டுமே உரியது. மிக வறிய நாடுகளின் ஆசிரியர்களுக்குப் பிரசுராலயங்கள் அளிக்கும் தள்ளுபடியில் இந்தியா வழக்கமாகச் சேர்வதில்லை. அவர் டெலிபோனில் பேசினார்.

"சார், இந்தத் தொகை என் ஒரு வருஷச் சம்பளத்தை நெருங்குகிறது. எங்கள் காலேஜில் இதற்கென்று நிதியும் கிடையாது. பேராசிரியர் பெயரைத் தொடர்பு ஆசிரியராக மாற்றிவிட்டால் பணமே கட்ட வேண்டியதில்லை என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?"

"வேண்டாம், அம்மா. ஏற்கப்பட்ட பிறகு அதை மாற்றுவது முறையல்ல. அதைக் காட்டிலும், உங்கள் உழைப்பினால் வந்த இடத்தைப் பணமில்லாத காரணத்துக்காக நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது. கட்டணம் இல்லாத சந்தா முறையிலேயே கட்டுரை வரட்டும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றேன்.

கட்டுரையைச் சமர்ப்பித்தபோதே எங்கள் சர்வகலாசாலை விதிப்படி, ஏற்கப்பட்ட பிரதியின்மீது ஆசிரியர்களுக்கு உரிமை உண்டு என்ற வாசகத்தைப் பேராசிரியர் சேர்த்திருந்தார். அந்தப் பிரதியை, கட்டுரை வெளியான அன்றே எங்கள் சேமிப்பகத்தில் திறந்த நிலையில் வைத்தோம். மானிய விதியும் நிறைவேறிற்று. அந்த அம்மையாரின் பெயரும் உரிய இடத்திலேயே நின்றது. 2008-இல் ஹார்வர்டு ஆசிரியர்கள் ஏற்படுத்திய வழி இது. பிரிட்டனில் எடின்பரோ சர்வகலாசாலை 2022 முதல் இதனை விதியாக்கிற்று.

இந்த அனுபவத்தின் பலனாக நான் கொண்ட முடிவைச் சொல்கிறேன். ஒப்பந்தங்களால் பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஏராளமான கட்டுரைகள் உலகத்துக்குத் திறந்தன. மதுரையிலுள்ள மாணவரும் அவற்றைப் படிக்கலாம். இது சாமானியமான நன்மை அன்று. ஆனால் முன்பு படிக்கிறவரை நிறுத்திய பணம், இப்போது எழுதுகிறவரை நிறுத்துகிறது. 'நேச்சர்' சஞ்சிகை 2021 தொடக்கத்தில் விதித்த கட்டணம் கட்டுரை ஒன்றுக்கு 9,500 யூரோ. ஒப்பந்தத்துக்குள் இருப்பவருக்கு அது கண்ணுக்குத் தெரியாது, வெளியில் இருப்பவருக்கு அது கடக்க முடியாத தொகை. இவை இடைக்கால ஏற்பாடு என்றும், சஞ்சிகைகள் விரைவில் முழுவதும் திறந்தவையாக மாறும் என்றும் சொல்லியே ஒப்பந்தங்கள் தொடங்கின. அந்த மாற்றம் 2018 முதல் 2022 வரை நடந்த வேகத்திலேயே நடந்தால் ஐந்து பெரிய பிரசுராலயங்களின் சஞ்சிகைகள் முழுதும் திறக்க எழுபது ஆண்டுகளாவது ஆகும் என்று ஜிஸ்க் 2024-இல் கணக்கிட்டது. ஐரோப்பிய மானிய ஸ்தாபனங்கள் 2018-இல் 'பிளான் எஸ்' என்ற திட்டத்தில் இத்தகைய ஏற்பாடுகளுக்கு அளித்த ஆதரவு 2024 முடிவோடு நின்றது.

எவரிடமும் கட்டணம் வாங்காமல் சஞ்சிகை நடத்த முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. பிரேஸில் நாட்டில் 1990-களின் இறுதியில் தொடங்கிய ஸியெலோ, பொதுப்பணத்தின் துணையால் லத்தீன் அமெரிக்க சஞ்சிகைகளைத் திறந்தே நடத்துகிறது. லண்டன் பர்க்பெக் காலேஜில் அமைந்த ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியூமானிடீஸ், 2015 முதல் நூல் நிலையங்களின் கூட்டு நன்கொடையால் நடக்கிறது. அதில் எழுதுபவரும் படிப்பவரும் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. பெரிய ஒப்பந்தத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து இத்தகைய முயற்சிகளுக்குக் கொடுப்பதே நூல் நிலையப் பணத்துக்குச் சிறந்த உபயோகம் என்று என் மேலதிகாரிகளிடம் தொடர்ந்து வாதாடினேன், சிறிது பலித்தது.

இப்போது நம் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 25-ஆம் தேதி மத்திய மந்திரிசபை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்ச் செலவில், 30 பிரசுராலயங்களின் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள், 6,300-க்கு மேற்பட்ட அரசாங்க ஸ்தாபனங்களில் சுமார் 1.8 கோடி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கிடைக்கின்றன. நான் சென்னையில் பயின்ற காலத்தில் கனவிலும் காணாத வசதி இது. இதை நம் சிற்றூர்க் கல்லூரிகள் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். ஆனால் இது பிரதானமாக நாம் படிப்பதற்கான ஏற்பாடு. நாம் எழுதுவதை உலகம் படிப்பதற்கான ஏற்பாட்டில் பெரும்பகுதியை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே தமிழ்நாட்டு ஆசிரியர்களையும் நூலகர்களையும் கேட்டுக்கொள்கிறேன். பதிப்புரிமைப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். சஞ்சிகைக்கு அனுப்பும்போதே உங்கள் பிரதியின்மீது உங்களுக்குள்ள உரிமையைக் குறித்து அனுப்புங்கள். ஏற்கப்பட்ட பிரதியை, கட்டுரை வெளியாகும் அன்றே கல்லூரிச் சேமிப்பகத்தில் வையுங்கள். ஆராய்ச்சிப் பட்ட ஆய்வேடுகளை 'ஷோத்கங்கா'வில் சேர்த்து உலகுக்குத் திறந்த நாடு, கட்டுரைகளையும் அவ்வாறே திறக்க முடியும். நூலகர்கள் அந்தச் சேமிப்பகத்தை ஏற்படுத்துவதையும், ஆசிரியர்களுக்கு இந்த உரிமைகளை எடுத்துச் சொல்வதையும், புத்தகம் வாங்குவதற்குச் சமமான கடமையாகக் கொள்ள வேண்டும். சர்வகலாசாலைகள் கட்டணம் வாங்காத சஞ்சிகைகளை நடத்தவும், பதவி உயர்வுக்கு அவற்றில் வெளியான கட்டுரைகளையும் தகுதி நோக்கி மதிக்கவும் முன்வர வேண்டும். ஒப்பந்தங்கள் வரும், காலாவதியாகும், மீண்டும் பேரமாகும். எழுதியவர் கையில் உரிமை இருக்குமானால் அவற்றில் எது முறிந்தாலும் அறிவு வாசகரைச் சென்றடையும்.